ஷஹர்பானுவின் இருபத்தாறாவது இதழ்

மல்லூர் தாண்டியதும் ஷஹர்பானுவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற காலை பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு, ஜன்னலோரம். மடியில் லாரித் தார்ப்பாயில் தைத்த ஒரு பை. பையின்மேல் ஒரு கட்டு அச்சுப்படி. சத்தம் வெளியே வராமல், ஒரு வரிகூட விடாமல் வாசித்துக்கொண்டே வருவார். வாய் எங்கே தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கொக்கி போடுவார். பஸ் குலுங்குகிற குலுக்கில் கொக்கிகள் சில சமயம் மண்புழு மாதிரி நெளிந்திருக்கும். அந்த மண்புழுவைப் படித்துப் பொருள் தெரிந்துகொள்கிறவர் செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிற குமரகுரு ஒருவர்தான்.

“என்னங்க டீச்சர், மந்திரமுங்களா?” என்று கண்டக்டர் கேட்பார்.

“ஆமாங்க. உங்க டிக்கெட் மிஷினு இன்னைக்காவது நிக்காம ஓடோணும்னு ஓதிட்டு வாரேன்.”

அவர் ஓதுவது ‘இருமொழிக் களம்’ என்கிற ஆய்விதழை. ஆறு மாதத்துக்கு ஒன்று வருகிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பாஷை புழங்கினால் எது எந்த நேரத்தில் வாயில் வருகிறது, எது பிள்ளைகள்வரை போய்ச் சேர்கிறது, எது நடுவழியில் நின்றுவிடுகிறது என்பதுதான் அதில் வருகிற கட்டுரைகளுக்கெல்லாம் விஷயம். அதற்கு ஆசிரியர் ஷஹர்பானு. சோறு போடுகிற வேலை, நாமக்கல் ரோட்டில் இருக்கிற ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது. வயது ஐம்பத்தொன்பது. வருகிற மே மாதம் ஓய்வு.

ஆளைக் கண்டால் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பூக்காரியானாலும் சரி, பல் டாக்டரானாலும் சரி. “கால்ல கல்லு இடிச்சா மொதல்ல எந்தப் பாஷைங்க வருது?” ஒரு தடவை, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வாசலில் நின்றிருந்த டிரைவர் ஒருவரிடம் கேட்டார். “கல்லு இடிச்சா தமிழுங்க. போலீசு மறிச்சா இந்திங்க. டயர் வெடிச்சா ரெண்டுமே பத்தாதுங்க” என்றார் அவர். ஷஹர்பானு அங்கேயே பையைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டார். ஏழாவது இதழில் முதல் கட்டுரையாக வந்தது அந்த லாரி டிரைவர்களின் இந்திதான்.

அவருடைய வம்சத்தைச் சொன்னால்தான் இந்த இதழ் ஏன் வந்தது என்பது விளங்கும். நாமக்கல்லில் தார்ப்பாய்க் கடை வைத்திருந்த மொய்தீன் ராவுத்தருக்கு நான்காவது மகள் இவர். கறிக்கடை மொய்தீன் வேறு. அவர் இந்த ராவுத்தருக்குப் பெரியப்பா மகன். மூத்த மகளை ஆத்தூரில் கொடுத்தார்கள், இரண்டாவது மகளைக் குமாரபாளையத்தில். மூன்றாவது சிறுவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டது. ஷஹர்பானுவைக் கட்டிக்கொண்ட லத்தீப், சூரமங்கலம் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்மா மொய்தீன் ராவுத்தருக்கு ஒன்றுவிட்ட தங்கை. இத்தனை சொந்தத்தில் ஒரு வீட்டிலும் தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது. சேலம் கோட்டைப் பக்கம் உருது பேசுகிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சின்னம்மா ஒருத்திதான் விலக்கு.

அப்படியிருக்க, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கினால் அதில் ‘தாய்மொழி: உருது’ என்று இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தார்கள், எழுதிவிட்டார்கள். மொய்தீன் ராவுத்தர் தைத்துக்கொண்டிருந்த கோணூசியைக்கூடக் கீழே வைக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றார்.

“எம்பட ஊட்ல ஒருத்தருக்கும் உருதுல தண்ணி கேக்கக்கூடத் தெரியாதுங்களே சார். புள்ளையக் கூப்புட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்களா?”

அந்த ஒரு சொல்லைத் திருத்த ஒன்றரை வருஷம் ஆயிற்று. பின்னாளில் படித்து, வேலைக்குப் போய், பாஷை பற்றிய கட்டுரைகளைப் படிக்கப் படிக்க ஷஹர்பானுவுக்குச் சுருக்கென்று ஒன்று பட்டது. யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவர்களிடம் எழுதினதைக் காட்டுகிற வழக்கம் எங்கேயும் இல்லை. அதனால் தன் இதழுக்கு ஒரு சட்டம் வைத்தார். கட்டுரை எழுதினவர், அச்சுக்குப் போகுமுன் அதை அந்த வீட்டுக்கே கொண்டுபோய், அவர்களுக்குப் புரிகிற பேச்சில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆசிரியரும் கூடப் போவார். அவர்கள் சரி என்றால்தான் அச்சு. ஒவ்வொரு கட்டுரையின் கடைசி வரியும் ‘இக்கட்டுரை இன்ன தேதியில், இன்ன ஊரில், சம்பந்தப்பட்டவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது’ என்றே முடியும். இருபத்தைந்து இதழிலும் அந்த வரி இல்லாத கட்டுரை ஒன்றுகூடக் கிடையாது.

முதல் இதழ் 2012 டிசம்பரில் வந்தது. இருபத்துநான்கு பக்கம், ஜெராக்ஸ். நான்கு கட்டுரையில் ஒன்று அவருடையது. மற்ற மூன்றும் கூட வேலை பார்க்கிறவர்களைக் கான்டீன்வரை துரத்திப்போய் வாங்கியவை. பின் அடித்தால் துருப்பிடிக்கும் என்று அறுபது பிரதியையும் அத்தா மொய்தீன் ராவுத்தரின் கோணூசியால் தைத்தார். அதில் நாற்பது பிரதி கட்டிலுக்கடியில் கிடந்தது. மூன்றாவது இதழில் குமரகுருவின் அச்சகத்துக்குப் போனது. ஐந்தாவதில் டெல்லியிலிருந்து பதிவு எண் வந்தது. எட்டாவதிலிருந்து, எழுதினவர் பெயரை மறைத்து வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேருக்கு அனுப்பி, அவர்கள் தேறும் என்றால்தான் ஏற்பது என்று ஆயிற்று. கொரோனா வருஷத்தில் இரண்டு இதழ் ஒன்றாகச் சேர்ந்து வந்தது; இடையில் நிற்கவில்லை. அப்புறம் இணையதளம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது, பினாங்கிலிருந்து ஒன்று. லத்தீப் பழைய தொழில் மறக்காமல் சணல் கயிற்றில் குறுக்குக் கட்டுப் போட்டு அனுப்புகிற கட்டுகளைப் பார்த்துத் தபால்காரரே, “பாய், உங்க கட்டை அவுக்கறவங்க பாவமுங்க” என்பார்.

வளர்ந்தது சரி, ஒரு குறை தீரவில்லை. பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொள்கிற இதழ்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் இல்லாத இதழில் எழுதினால் எழுதினவருக்கு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ அது கணக்கில் வராது. போன வருஷம் மட்டும் பதினோரு பேர் அனுப்பின கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பட்டியலில் சேர இரண்டு நிபந்தனை. ஆறு இதழ், ஒன்று விடாமல், சொன்ன தேதிக்குள் வெளிவந்திருக்க வேண்டும். இதழுக்குக் குறைந்தது ஐந்து கட்டுரை இருக்க வேண்டும். ஷஹர்பானு ஐந்து இதழைத் தேதி தவறாமல் கொண்டுவந்துவிட்டார். ஆறாவதுதான் இந்த இருபத்தாறாவது இதழ். கெடு, ஜூன் முப்பது.

அதற்குமேல் கல்லூரி முதல்வர் ஒரு முடிச்சு போட்டிருந்தார். “லிஸ்ட்ல வந்துட்டா, நீங்க ரிட்டயர் ஆனாலும் காலேஜே இதை நடத்தும் மேடம். ரூம், கம்ப்யூட்டர், ஒரு ஆளு, எல்லாம் தருவோம். வரலேன்னா நீங்க போறப்ப இதையும் கூட்டிட்டுப் போயிருங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னால் சொன்னபடி செய்கிறவர்.

இந்த வருஷம் ஜூன் மாதம் பிறந்தபோது ஐந்து கட்டுரை சரியாக இருந்தது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. நான்கு கட்டுரைக்கு வாசிப்பு முடிந்திருந்தது. பாக்கி இருந்தது ஜெரினின் கட்டுரை. ஜெரின், சேலம் பையன், முப்பத்தொரு வயது, இன்னொரு கல்லூரியில் தற்காலிக வேலை. மாதா கோவில் பாடகர் குழுவில் பாடுகிற சோபியாவின் தம்பி. மோகனூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிற பதினான்கு குடும்பங்களை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு மூன்று நாள் வீதம் உட்கார்ந்து, பேச்சைப் பதிவுசெய்து எண்ணியிருந்தான். நூறு பேச்சு பேசினால் அதில் மூன்றுதான் தெலுங்கு. வீட்டுக்குள் தெலுங்கு அநேகமாக நின்றுபோய்விட்டது என்பது அவன் கண்ட முடிவு. வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேரும் முக்கியமான கட்டுரை என்று எழுதியிருந்தார்கள்.

பக்ரீத் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மோகனூர் போனார்கள். வாய்க்காலை ஒட்டிக் குஞ்சம்மாளின் வீடு. இரண்டு ஏக்கர் கரும்பு, மூன்று மாடு, கல்லூரிக்குப் போகிற ஒரு மகன். நாற்பத்தெட்டு வயதில் அந்தப் பதினான்கு வீட்டுக்கும் அவர் சொல் கொஞ்சம் செல்லும். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேரையும் கூட்டி உட்கார வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு, ஒரு முறம் சின்ன வெங்காயத்தை முன்னால் வைத்து உரித்துக்கொண்டே, “வாசி சாமி, காது இங்கதான் இருக்குது” என்றார்.

ஜெரின் வாசித்தான். நூற்றுக்கு மூன்று என்ற இடம் வந்ததும் வெங்காயத்தில் கத்தி நின்றது.

“ஏஞ்சாமி, நாங்க தெலுங்கு பேசறதில்லைன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலீங்க. மூணு நாளு பதிவு பண்ணதுல அப்படித்தாங்க வந்துச்சு.”

“மூணு நாளும் நீ இங்கதான உக்காந்திருந்த?”

“ஆமாங்க.”

“அப்பறம் எப்படிச் சாமி நாங்க தெலுங்குல பேசறது? உனக்குத்தான் அது தெரியாதே. ஊட்டுக்கு வந்தவங்கள உக்கார வெச்சுக்கிட்டு, அவிகளுக்கு வெளங்காத பாஷைல நாங்க ரெண்டு பேரு பேசுனா, அவிக மனசுல என்ன படும்? நம்மளப் பத்தி என்னமோ பேசறாங்கன்னு படாதா? அந்த மாதிரி மருவாதி கெட்ட ஊடு இந்தப் பக்கம் ஒண்ணும் கெடையாது.”

பக்கத்தில் இருந்த பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “அந்த மூணு நாளும் எங்கூட்டுக்காரரத் திட்ட முடியாம எனக்கு நெஞ்சே அடச்சுப்போச்சுங்க.”

“தமிழ்லயே திட்டியிருக்கலாமேங்க?” என்றான் ஜெரின், பாவம், புரியாமல்.

“தமிழ்ல திட்டுனா ஊரு பூராத்துக்கும் வெளங்கீருமுங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெரின் ஃபோனை எடுத்துப் பழைய பதிவுகளைத் தேடினான். ஒரு இடத்தை ஓடவிட்டான், இன்னொரு இடத்தை ஓடவிட்டான். “மேம்,” என்று ஷஹர்பானுவின் பக்கம் திரும்பி, “அந்த நூத்துக்கு மூணு தெலுங்கு, நான் எழுந்து வெளிய போனப்ப பேசினதுங்க மேம்” என்றான்.

குஞ்சம்மாள் அவனை விடவில்லை. “மோரைக் குடி சாமி. உம்மேல தப்பில்ல. நீ வராம இருந்திருந்தா செரியா எழுதியிருப்ப” என்றார். சொன்னதில் எகத்தாளம் இருந்ததா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

திரும்புகிற பஸ்ஸில் ஷஹர்பானு எதையும் வாசிக்கவில்லை. அவருக்குக் கோட்டைப் பக்கத்துச் சின்னம்மாவின் நினைப்பு. முப்பது வருஷமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறார். பெருநாளைக்குப் போவார், கல்யாணத்துக்குப் போவார். இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எல்லோரும் தமிழுக்கு மாறியிருப்பார்கள். “உங்க வீட்ல உருது செத்தே போச்சு சின்னம்மா” என்று இவரே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார். சின்னம்மாவும் சிரித்துக்கொண்டே சேமியாவை இன்னொரு கரண்டி போடுவாள். ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை. இருபத்தைந்து இதழ் கொண்டுவந்த தலைக்கு அது தட்டுப்படவே இல்லை. ஜெரினுடைய கட்டுரையைப் பஸ்ஸில் மூன்று தடவை உதடசைத்துப் படித்தபோதும் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

மறுநாள் அச்சகத்தில் குமரகுரு பாதிப் பக்கங்களை ஓட்டத் தயாராக வைத்திருந்தார். ராசிபுரத்துக்காரர்; ஷஹர்பானுவின் மூத்த அக்காள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அச்சடிக்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் மிஷினைத் துடைத்தார்.

“கீழ ஒரு குறிப்புப் போட்டுரலாமுங்க டீச்சர். ‘விருந்தாளி முன்னால பதிவு செய்தது’ன்னு. பொய்யில்லீங்களே?”

“மேல பதினெட்டுப் பக்கம் தப்பு, கீழ ஒரு வரி சரி. அதுக்குப் பேரு என்னங்க?”

“செரி, அந்தக் கட்டுரைய எடுத்துருவோம்.”

“நாலுதான் நிக்கும். அஞ்சு வேணுமுங்க.”

“அப்ப எப்படித்தானுங்க?”

“மறுபடியும் எண்ணோணும்” என்றார் ஷஹர்பானு. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பதினான்கு நாள் இருந்தது.

ஆளே போகாமல் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர்களே தங்கள் ஃபோனை அடுப்படியில் வைத்துப் பதிவுசெய்தால் போதும். குஞ்சம்மாளிடம் கேட்டபோது அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“வெக்கறமுங்க. ஆனா அதை நீங்களும் கேக்கக்கூடாது, அந்தத் தம்பியும் கேக்கக்கூடாது. மாமியா பேச்சு இருக்கும், கடன் பேச்சு இருக்கும். ஊட்டுப் பேச்சு ஊட்டுக்குள்ளதான் இருக்கோணும்.”

“நாங்க கேக்காம எப்படிங்க எண்றது?”

“எங்களுக்கு எண்ணத் தெரியாதுங்களா?”

அவரே ஒரு வழியும் சொன்னார். ஒரு பக்கம் ஒரு டம்ளர், இன்னொரு பக்கம் ஒரு டம்ளர். பதிவை ஓடவிட்டு, தெலுங்கில் ஒரு பேச்சு வந்தால் இந்த டம்ளரில் ஒரு புளியங்கொட்டை, தமிழில் வந்தால் அந்த டம்ளரில் ஒன்று. வீட்டில் ஆளுக்கு இரண்டு டம்ளர். மூன்று நாள் பேச்சையும் எண்ணி முடித்த பிறகு ஜெரின் வந்து டம்ளரை மட்டும் எண்ணிக்கொள்ளலாம். இரண்டு வீட்டார், தாங்களாகவே பொறுக்கிய அரைமணி நேரப் பதிவைத் தெலுங்கு தெரிந்த ஒரு ஆசிரியையிடம் கொடுத்துச் சரிபார்க்கவும் சம்மதித்தார்கள். பதினான்கில் ஒன்பது வீடு வந்தது. மற்ற ஐந்து வீட்டில் ஒன்றில் சாவு, ஒன்றில் ஃபோன் ரிப்பேர், மூன்று பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி டம்ளர்கள் எண்ணப்பட்டன. வீட்டில் பேசுகிற பேச்சில் பாதிக்குமேல் தெலுங்கு. சமையல், மாடு, கோபம், கொஞ்சல், கணக்கு எல்லாம் அதில்தான். ஆனால் குஞ்சம்மாள் தன் வீட்டு டம்ளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்துப் பார்த்தார். அவருடைய தெலுங்கு டம்ளர் தலைதட்டி நின்றது. மகனுடைய தெலுங்கு டம்ளரில் இரண்டே கொட்டை.

“எம்பையன் எங்கூடத் தெலுங்குலதான் பேசறான்னு நெனச்சிட்டிருந்தேனுங்க. நாந்தான் அதுல கேட்டிருக்கறேன். அவன் பூராத்துக்கும் தமிழ்லயே பதில் சொல்லியிருக்கறான். இத்தன நாளு எங்காதுக்கு அது படவே இல்லை பாருங்க.”

ஜெரின் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனான். ஷஹர்பானு அவன் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். குஞ்சம்மாள் டம்ளர்களைத் தள்ளிவைத்துவிட்டு, “இதையும் எழுதுங்க. விடாதீங்க” என்றார்.

ஜூன் முப்பது திங்கட்கிழமை. அன்று ஷஹர்பானு கல்லூரிக்கு விடுப்புப் போடவில்லை. நான்கு வகுப்பு எடுத்தார். இடைவேளையில் பட்டியல் குழுவின் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, பத்து நாள் தள்ளிக் கொடுக்க வழியுண்டா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தேதியென்றால் தேதிதான், ஒரு நாள் தள்ளினாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து என்றார்கள். சரிங்க என்று வைத்துவிட்டார். ஜெரின் எழுதிய புதுக் கட்டுரையை மறுபடி வெளியூர்ப் பேராசிரியர்களுக்கு அனுப்பினார்கள். புளியங்கொட்டை என்ன எடை, என்ன அளவு என்றுகூட ஒருவர் கேட்டார். ஜூலை நான்காம் தேதி இருவரும் தேறும் என்றார்கள். ஆறாம் தேதி ஞாயிறு, மோகனூரில் வாசிப்பு. ஒன்பது வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். எண்ணியவர்கள் என்று அவர்களுடைய பெயர்கள் வரிசையாக வாசிக்கப்பட்டபோது, ஒவ்வொருத்தியும் தன் பெயர் வந்ததும் இன்னொருத்தியைக் கிள்ளினாள். தப்பு ஒன்றும் இல்லை, போடுங்கள் என்றார் குஞ்சம்மாள்.

ஒன்பதாம் தேதி மாலை கல்லூரி விட்டு நேராகச் செவ்வாய்ப்பேட்டை போனார் ஷஹர்பானு. நூற்று எண்பத்துநான்கு பக்கமும் சேர்த்த கடைசிப் படியைக் குமரகுரு மேஜைமேல் வைத்திருந்தார். உள் அட்டையில் ‘வெளியான நாள்: 30 ஜூன்’ என்று அச்சாகியிருந்தது. ஷஹர்பானு அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“நாந்தானுங்க போட்டேன்,” என்றார் குமரகுரு. “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறேன். ஊர்ல எந்த இதழுங்க சொன்ன தேதிக்கு வருது? ஆகஸ்டுல ஓட்டறோம், அட்டையில மார்ச்சுன்னு போடறோம். மார்ச்சுன்னா மார்ச்சுதான். வெப்சைட்லயும் தேதிய நாமதானுங்க அடிக்கறோம். கொரியர் ரசீதக் கொண்டாந்து எந்தக் குழு பாக்கப்போகுது?”

“கட்டுரை முடியற எடத்துல, ஜூலை ஆறாம் தேதி மோகனூர்ல வாசிச்சுக் காட்டினோம்னு இருக்குதுங்களே. ஜூன்ல வந்த இதழுக்குள்ள ஜூலை எப்படிங்க வரும்?”

“அந்த ஒரு வரிய எடுத்துட்டாப் போச்சு.”

“அந்த ஒரு வரிதானுங்க குமரகுரு இந்த இதழு.”

ஷஹர்பானு பென்சிலை எடுக்கவில்லை; மேஜையில் கிடந்த அச்சகத்துப் பேனாவை எடுத்தார். ‘30 ஜூன்’ என்பதை ஒரே கோடாக அடித்து, அதன்மேல் ‘9 ஜூலை’ என்று எழுதினார். எழுத்து நெளியவில்லை.

குமரகுருவுக்குத் தாங்கவில்லை. “அப்ப அஞ்சு இதழு ராப்பகலா ஓடித் தேதிக்குக் கொண்டாந்தமே, அத்தனையும் போச்சுங்களா?”

“போச்சுங்க.”

“மே மாசத்தோட காலேஜு ரூமும் போயிருமுங்களே. அப்பறம் இத எங்கீங்க வெச்சு நடத்தப்போறீங்க?”

“ஊட்ல கட்டிலு இருக்குதுங்க. அதுக்கடியில எடமும் இருக்குது.”

“வெளையாடாதீங்க டீச்சர். நான் மனசு கேக்காமக் கேக்கறேன்.”

ஷஹர்பானு படியைச் சேர்த்துத் தட்டி அடுக்கி அவர் கையில் கொடுத்தார். சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, “அடுத்த கெடு, டிசம்பர் முப்பத்தொண்ணு, என்ன கெழமைங்க, பாருங்க” என்றார்.

குமரகுரு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஐந்து தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“புதனுங்க.”

ஷஹர்பானு வலது கையை விரித்து, சுண்டு விரலை மடக்கினார்.